பழைய ரயில் செட்டும் பொருந்தாத கன்ட்ரோலர்களும்: எதை எதோடு இணைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். யாரோ வைத்திருந்த மாடல் ரயில் செட் ஒன்று அட்டைப்பெட்டியோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே மூன்று இன்ஜின்கள், சில ரயில் பெட்டிகள், இரண்டு விதமான தண்டவாளம், மூன்று கன்ட்ரோலர்கள். ஒரு கன்ட்ரோலருக்கு அடாப்டர் இல்லை. இன்னொன்றின் பின்புறம் நான்கு திருகுகள் இருக்கின்றன, எது எதற்கு என்ற எழுத்து அழிந்துவிட்டது. மூன்றாவதில் எண் பொத்தான்கள் இருக்கின்றன. இதில் எதை எதோடு இணைத்தால் ரயில் ஓடும் என்று கேட்கிறீர்கள்.

இன்னும் எதையும் பிளக்கில் சொருகவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். பெட்டி வந்ததும் எல்லோரும் செய்வது, கையில் கிடைத்த கன்ட்ரோலரைத் தண்டவாளத்தோடு இணைத்து, இன்ஜினை மேலே வைத்து, குமிழைத் திருப்பிப் பார்ப்பது. பழைய செட்டுகளில் பல இன்ஜின்கள் சாவது அந்த முதல் பத்து நொடியில்தான். எத்தனையோ வருடம் பரணில் தூங்கியும் கெட்டுப்போகாத மோட்டார், தப்பான மின்சாரம் ஏறியதும் கருகிவிடும். அதனால் கன்ட்ரோலரிலிருந்து தொடங்காதீர்கள், இன்ஜினிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் என்ன மின்சாரம் வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, அதைத் தரக்கூடிய கன்ட்ரோலர் மூன்றில் எது என்று தேடினால் போதும்.

முதலில் தண்டவாளத்தின் அகலத்தை அளந்துவிடுங்கள். இரண்டு கம்பிகளின் உள்பக்கங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் இருந்தால் அது எச்ஓ (HO) அல்லது ஓஓ (OO) என்ற மாடல் அளவு. 9 மில்லிமீட்டர் என்றால் 'என்' (N) ஸ்கேல், 32 என்றால் ஓ, 45 என்றால் பெரும்பாலும் ஜி. எச்ஓ என்பது நிஜ ரயிலின் அளவில் 87-இல் ஒரு பங்கு, ஓஓ என்பது 76-இல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது ஒரே அகலத் தண்டவாளத்தில்தான், அதனால் இரண்டும் கலந்து கிடந்தால் கவலை வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது கம்பிகளை எண்ணுங்கள். இரண்டா, மூன்றா? நடுவில் மூன்றாவது கம்பி இருந்தாலோ, ஸ்லீப்பர்களின் (குறுக்குக் கட்டைகளின்) நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருந்தாலோ அது மூன்று கம்பி முறை. புள்ளிகள் இருப்பது மார்க்லின் நிறுவனத்தின் எச்ஓ தண்டவாளம். அது ஏசியில் (திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தில்), ஏறத்தாழ 16 வோல்ட் வரை ஓடுகிறது, பழைய இன்ஜின்களில் திசை மாற்றுவதற்கு ஒரு கணம் 24 வோல்ட் அளவில் ஒரு உதை கொடுக்க வேண்டும். லயனல் நிறுவனத்தின் ஓ கேஜ் செட்டுகளும் மூன்று கம்பி, ஏசி. ஆனால் மூன்று கம்பி என்றாலே ஏசி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய ஹார்ன்பி டப்லோ 1959-இல் இரண்டு கம்பிக்கு மாறும் வரை மூன்று கம்பியில்தான் ஓடியது, ஆனால் அதற்கு வேண்டியது 12 வோல்ட் டிசி (ஒரே திசையில் போகும் மின்சாரம்). அதன் மேல் ஏசியை ஏற்றினால் இன்ஜின் போய்விடும்.

தண்டவாளத்தை மட்டும் நம்பவும் முடியாது, ஏனென்றால் யாரோ இரண்டு செட்டுகளை ஒரே பெட்டியில் கொட்டியிருக்கலாம். இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வயிற்றில் நீளமான உலோகப் பட்டையோ சின்ன உருளையோ தொங்கினால் அது மூன்று கம்பி இன்ஜின். இல்லையென்றால் மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, ஒரே அச்சின் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள். ரயில் பெட்டிகளுக்கும் இதைச் செய்யுங்கள், இது முக்கியம். பெட்டியில் பீப் அடித்தால் இரண்டு சக்கரங்களும் மின்சார ரீதியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்; இன்ஜினில் மோட்டார் வழியாகவும் பீப் வரலாம். இரண்டு கம்பித் தண்டவாளத்தில் அப்படி ஒரு பெட்டியை வைத்தால் போதும், முழு லேஅவுட்டும் ஷார்ட் ஆகிவிடும், நீங்கள் இன்ஜினையும் கன்ட்ரோலரையும் மணிக்கணக்கில் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். குற்றவாளி கடைசியில் ஒரு சரக்குப் பெட்டியாக இருக்கும்.

சரி, இன்ஜின் இரண்டு கம்பி வகைதான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கன்ட்ரோலர் எதுவும் வேண்டாம், ஒரு சாதாரண 9 வோல்ட் பேட்டரி எடுங்கள். அதில் இரண்டு வயர் இணைத்து, இன்ஜினை ஒரு துண்டின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு வயரை இடது சக்கரத்திலும் மற்றதை வலது சக்கரத்திலும் தொடுங்கள். சக்கரம் சுற்றி, வயர்களை மாற்றிப் பிடித்தால் எதிர்த்திசையில் சுற்றுகிறதா? அப்படியென்றால் அது டிசியில் ஓடக்கூடிய இன்ஜின், பாதி வேலை முடிந்தது. நீராவி இன்ஜின் மாடல்களில் சிலது வலது பக்க மின்சாரத்தை இன்ஜினிலிருந்தும், இடது பக்கத்தை பின்னால் வரும் டெண்டர் என்ற கரி வண்டியிலிருந்தும் எடுக்கும். அதனால் டெண்டரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் நல்ல இன்ஜினும் செத்தது போலத் தெரியும்.

ஒன்றுமே அசையவில்லை என்றாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். பழைய கிரீஸ் வருடக்கணக்கில் இறுகி மெழுகு மாதிரி ஆகிவிடும், மோட்டார் சுற்ற முயன்றும் பல்சக்கரம் விடாது. அந்த நிலையில் பேட்டரியைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், சுற்றாத மோட்டார்தான் வேகமாகச் சூடாகும். மேல் கூட்டைக் கழற்றி, பழைய கிரீஸைப் பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை அச்சு முனைகளில் ஊசி முனையால் ஒரு துளி வையுங்கள். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். மோட்டாருக்குள் எண்ணெய் போய் கார்பன் பிரஷ்களில் படிந்தால் அது புதுப் பிரச்சினை.

கூட்டைக் கழற்றியிருக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள், இது நிறையப் பேர் தவறவிடும் இடம். சக்கரத்திலிருந்து வரும் இரண்டு வயர்கள் நேராக மோட்டாருக்குப் போனால் அது சாதாரண டிசி இன்ஜின். நடுவில் விரல்நகம் அளவுக்கு ஒரு சிப், அதிலிருந்து சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல் நிற வயர்கள் வருகின்றன என்றால் டிசிசி என்ற டிஜிட்டல் முறையின் கட்டளைகளைப் படிக்கும் டிகோடர் பொருத்தியிருக்கிறது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை எடுக்கும், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குக் கொடுக்கும், வெள்ளை, மஞ்சள், நீலம் விளக்குகளுக்கு. எட்டுத் துளையுள்ள சாக்கெட் இருந்து அதில் எதுவுமே சொருகியில்லை என்றால், டிகோடரை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வைக்க வேண்டிய டம்மி பிளக்கை யாரோ வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த இன்ஜின் எந்தக் கன்ட்ரோலரிலும் ஓடாது. பிளக்கை வைத்ததும் டிசியில் ஓடும்.

இப்போது கன்ட்ரோலர்களுக்கு வருவோம். சுவருக்குப் போகும் வயரிலிருந்து தொடங்குங்கள். வளைத்துப் பார்க்கும்போது மேலுறை வெடித்திருந்தால், பிசுபிசுத்தால், பிளக் பக்கம் செம்பு தெரிந்தால், அந்தக் கன்ட்ரோலரை ஒதுக்கிவிடுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாத இடம் இது. பிறகு அடிப்பக்கம் இன்புட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் என்று இருந்து உங்கள் வீட்டில் 230 வோல்ட் வருகிறது என்றால், பிளக் பொருந்தினாலும் சொருகாதீர்கள், டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும்.

அந்த நான்கு திருகுக் கன்ட்ரோலர் பற்றி. பழைய டிசி கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இரண்டு ஜோடி வெளியீடு இருக்கும். ஒரு ஜோடி குமிழைத் திருப்பத் திருப்ப ஏறும் 12 வோல்ட் டிசி, அது தண்டவாளத்துக்கு. இன்னொரு ஜோடி குமிழோடு சம்பந்தமே இல்லாமல் எப்போதும் நிற்கும் 16 வோல்ட் ஏசி, அது பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றும் இடம்) மோட்டார்களுக்கும் விளக்குகளுக்கும். எழுத்து அழிந்த கன்ட்ரோலரில் நானே ஒருமுறை ஜோடியை மாற்றி இணைத்தேன். இன்ஜின் நகரவில்லை, உர்ரென்று ஒரு சத்தம், குமிழைத் திருப்பியும் மாற்றமில்லை, தொடர்பு சரியில்லை என்று நினைத்துத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்தபோது மோட்டாரின் சுருள் கருகியிருந்தது. நல்ல இன்ஜின் அது, இன்றும் மனம் ஆறவில்லை. நிரந்தர காந்தம் உள்ள டிசி மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் அது முன்னும் பின்னும் இழுபட்டு நடுங்கும், சுற்றாது, மின்சாரம் முழுக்கச் சூடாக மாறும்.

ஆகவே மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தண்டவாளம், இன்ஜின் எதுவும் இணைக்காமல் கன்ட்ரோலரை மட்டும் சொருகி, மீட்டரை டிசியில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அளந்து பாருங்கள். குமிழைத் திருப்பும்போது பூஜ்யத்திலிருந்து ஏறி, திசை சுவிட்சைத் தள்ளினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வருகிறதா? அதுதான் தண்டவாளத்துக்கான ஜோடி. எதுவும் இணைக்காதபோது 12-க்கு மேலேயும் காட்டலாம், பயப்பட வேண்டாம். இன்னொரு ஜோடி ஏசி அளவில் 16-ஐ ஒட்டி அசையாமல் நிற்கும். கண்டுபிடித்த உடனே ஜோடிகளின் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடாப்டர் இல்லாத கன்ட்ரோலர்தான் அதிகம் ஏமாற்றுவது. வட்டமான அந்தச் சின்ன பின் எல்லாச் சாதனத்திலும் ஒரே மாதிரி இருக்கும், ஏதோ ஒரு பழைய அடாப்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பொருந்துவதற்கும் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ரயில் கன்ட்ரோலர்களில் சிலது ஏசியை வாங்கி உள்ளே டிசியாக மாற்றும், சிலது டிசியையே எதிர்பார்க்கும். கன்ட்ரோலரின் அடியில் அலை போன்ற குறி இருந்தால் ஏசி. நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு வரும் கோடும் இருந்தால் டிசி. டிசி என்றால் நடுப் பின் பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் ஒத்துப்போக வேண்டும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதேயோ கூடுதலோ இருக்கலாம். அடியில் எதுவுமே எழுதவில்லையா? ஊகத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒரு செட்டில் மாற்றுவதற்கு எளிதான பாகம் கன்ட்ரோலர்தான், அதற்காக இன்ஜினைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இதில் உயிர் ஆபத்தே இருக்கிறது. ஒன்று பலமில்லாமல் ஓடுகிறது என்று இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே தண்டவாளத்தில் சேர்த்து இணைக்காதீர்கள். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஏசி வெளியீடுகளைச் சேர்த்து இணைத்துவிட்டு ஒன்றின் பிளக்கை மட்டும் சுவரிலிருந்து பிடுங்கினால், இன்னொன்றிலிருந்து வரும் 16 வோல்ட் அதற்குள் தலைகீழாகப் போய், உங்கள் கையில் இருக்கும் அந்தப் பிளக்கின் முனைகளில் வீட்டு மின்சார அளவுக்கு ஏறி நிற்கும். பிடுங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஒரு குழந்தை அதைத் தொடலாம்.

எண் பொத்தான்கள் உள்ளது பெரும்பாலும் டிசிசி, அதாவது டிஜிட்டல். அதில் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரம் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை, எச்ஓ அளவில் ஏறத்தாழ 14, 15 வோல்ட் எப்போதும் நிற்கும், திசை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றத்துக்குள்தான் கட்டளை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு டிகோடருக்கும் ஒரு எண் உண்டு, தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் அது கேட்கும். டிகோடர் இல்லாத சாதாரண இன்ஜினை அதன் மேல் வைத்தால் என்ன நடக்கும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும், ஏறத்தாழ அந்த 16 வோல்ட் ஏசி கதைதான். சில டிசிசி கன்ட்ரோலர்களில் பூஜ்யம் என்ற எண்ணில் சாதாரண இன்ஜினை ஓட்டலாம் என்று இருக்கும். ஓடும், ஆனால் நிற்கும்போதும் மோட்டார் ரீங்கரித்துச் சூடாகும், கோர்லெஸ் மோட்டார் (சுருளுக்குள் இரும்பு இல்லாதது) என்றால் சீக்கிரமே கெட்டுப்போகும். என்னைக் கேட்டால் அந்த வசதி இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், டிகோடர் உள்ள இன்ஜினைச் சாதாரண டிசி கன்ட்ரோலரில் ஓட்டலாமா? பெரும்பாலும் ஓடும். முதலில் டிகோடர் விழிக்க வேண்டும் என்பதால் குமிழைப் பாதி திருப்பும் வரை சும்மா நிற்கும், பிறகு சட்டென்று கிளம்பும். கிளம்பவே இல்லை என்றால், டிகோடருக்குள் இருக்கும் சிவி 29 என்ற அமைப்பில் டிசியில் ஓடும் வசதியை யாரோ அணைத்து வைத்திருக்கலாம். அதைத் திருப்பிப் போட டிசிசி கன்ட்ரோலர் வேண்டும். டிசிசியிலும் பதில் சொல்லவில்லையா? புது டிகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும், முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருப்பார். பல தயாரிப்புகளில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் பழையபடி 3-க்கு வந்துவிடும். இதைச் செய்யும்போது தண்டவாளத்தில் அந்த ஒரு இன்ஜின் மட்டும் இருக்கட்டும்.

டிசிசிக்கு மாறும்போது ஒரு சின்னப் பொருள் காலை வாரும். சாதாரண டிசி செட்டுகளோடு வரும் தண்டவாள கிளிப்புகள் சிலவற்றுக்குள், ரேடியோ இரைச்சலைக் குறைக்க ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். டிசியில் தொல்லையில்லை, டிசிசியில் அது கட்டளைகளைக் குழப்பிவிடும். அந்த கிளிப்பை எடுத்துவிட்டு வயரை நேராக இணையுங்கள். பொத்தான் உள்ள எல்லாமே டிசிசி என்றும் நினைக்க வேண்டாம். ஹார்ன்பியின் ஜீரோ ஒன் மாதிரி டிசிசி தரம் வருவதற்கு முன்பே வந்த டிஜிட்டல் முறைகள் உண்டு, அவை இன்றைய டிகோடர்களோடு பேசாது.

அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் மூன்று இன்ஜின்களும் பேட்டரியில் சுற்றுகின்றன என்றால் நான் அந்த நான்கு திருகு டிசி கன்ட்ரோலரையே, அளந்து சரியாக இருந்தால், எடுத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் டிசியில் ஓடவைத்து, எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகு டிஜிட்டலுக்குப் போகலாம். பழைய மோட்டார்களின் காந்தம் பலமிழந்திருந்தால் அவை அதிக மின்சாரம் இழுக்கும், ஒரு ஆம்பியர் தாங்கும் டிகோடரை அதில் வைத்தால் டிகோடர் போய்விடும். அதனால் அவசரம் வேண்டாம். ஒரே தண்டவாளத்தில் ஒரு பக்கம் டிசியும் ஒரு பக்கம் டிசிசியும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். எல்லைக் கோட்டை ஒரு சக்கரம் தாண்டும்போது அது இரண்டையும் இணைத்துவிடும், ஏதாவது ஒரு கன்ட்ரோலர் அங்கேயே முடிந்துவிடும்.

தண்டவாளம் பற்றிக் கொஞ்சம். நிறத்தைப் பாருங்கள். வெள்ளிபோல லேசான மஞ்சள் சாயல் இருந்தால் நிக்கல் சில்வர், அதை வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையும் ஓடும், ஆனால் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு மின்சாரத்தை விடாது, அடிக்கடி துடைக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், காந்தம் ஒட்டினால் அதுதான். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த அழுக்கு முதலில் சேரும். இரண்டு விதத் தண்டவாளத்தின் உயரம் வேறாக இருந்தால், உதாரணமாகக் கோட் 100-ம் கோட் 83-ம், அதாவது 0.100 அங்குலமும் 0.083 அங்குலமும், சாதாரண இணைப்புத் தகட்டால் சேர்த்தால் சக்கரம் துள்ளும். இடையில் மாற்றுத் துண்டு வைக்க வேண்டும், அல்லது ஒரே வகையை வைத்து முதலில் சின்ன வட்டம் போடுங்கள். வட்டத்தின் எதிர்ப்பக்கம் ரயில் மெதுவானால் இன்ஜின் மேல் பழியில்லை, இணைப்புத் தகடுகள் தளர்ந்திருக்கின்றன. அங்கேயும் ஒரு ஜோடி வயர் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும், வெளிக் கம்பிக்கு வெளிக் கம்பி என்று மட்டும் கவனமாக இருங்கள்.

பாயின்ட்களில் இருக்கும் பழைய சுருள் மோட்டார்களுக்கு அந்த 16 வோல்ட் ஏசியை ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். சாதாரண விளக்கு சுவிட்சை வைத்து அப்படியே விட்டால் சுருள் கருகும். ரயில் திரும்பி வந்த வழியே போகும் மாதிரி வளையம் போடுவதையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். இரண்டு கம்பி முறையில் அந்த வளையம் ஒரு கம்பியை மறு கம்பியோடு சேர்த்து ஷார்ட் ஆக்கும்.

முதல் ஓட்டத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்ப் ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பல்ப் எரியாது அல்லது மங்கலாக மினுங்கும், ரயில் ஓடும். ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், மின்சாரம் 1.75 ஆம்பியரைச் சுற்றி நின்றுவிடும், கன்ட்ரோலர் தப்பிக்கும். பழைய கன்ட்ரோலர்களின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு இன்னும் வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் இந்தப் பல்ப் எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு இன்ஜின், ரயில் பெட்டி எதுவும் இல்லாமல், மெதுவாக, இரண்டு திசையிலும் சில நிமிடம் ஓடட்டும். பிறகு மோட்டார் பக்கம் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய், பல்சக்கரம் பார்க்க வேண்டும்.

மூன்றில் ஒரு இன்ஜின் மட்டும் மற்றவைக்கு எதிர்த்திசையில் போகிறதா? வழக்கமான முறைப்படி முன்னோக்கிப் போகும்போது வலது கம்பி பாசிட்டிவாக இருக்க வேண்டும். யாரோ பழுதுபார்த்தபோது மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றிவிட்டார்கள், திருப்பிப் போடுங்கள். ஓடி முடித்த ஒவ்வொரு இன்ஜினின் அடியிலும் சின்னதாக டிசி, அல்லது டிசிசியும் அதன் எண்ணும், எழுதி ஒட்டிவிடுங்கள். நான்கு திருகுகளில் அளந்த வோல்ட்டையும், அடாப்டர் இல்லாத கன்ட்ரோலரின் அடியில் இன்புட் என்ன போட்டிருக்கிறது என்பதையும் எழுதினால், அந்தக் கன்ட்ரோலரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று சேர்ந்து பார்க்கலாம்.